விற்காத சரக்குக்கு நட்டக் கணக்கு

டிஸ்கி: "மரியோ டவுன்லோடு" என்று தேடிக்கொண்டு வந்தவர்கள் இப்படியே திரும்பிவிடலாம். இங்கே சுட்டி எதுவும் கிடையாது. கொஞ்சம் திட்டு உண்டு, கொஞ்சம் கணக்கு உண்டு, நடுவில் லினக்ஸ் உண்டு.

ஆன்லைன் கடைகளில் ஒரு குச்சி விற்கிறார்கள். பென் டிரைவைவிடக் கொஞ்சம் தடிமன். டிவிக்குப் பின்னால் சொருகினால் போதும், பத்தாயிரம் கேம் என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். கூடவே வயரில்லாத கண்ட்ரோலர் ரெண்டு. விலை ஓரிரு ஆயிரம் ரூபாய். அந்தப் பத்தாயிரத்தில் ஒரே கேம் ஜப்பான் பதிப்பு, அமெரிக்கப் பதிப்பு, ஐரோப்பியப் பதிப்பு என்று திரும்பத் திரும்ப வரும் என்பதை அட்டையில் போடமாட்டார்கள். போகட்டும், அது வியாபார தர்மம்!

குச்சிக்குள் என்ன இருக்கிறது? பெரும்பாலானவற்றில் இருப்பது லினக்ஸ் கர்னல். அதன்மேல் ரெட்ரோஆர்ச் மாதிரி ஏதோ ஒரு திறமூல மென்பொருள். அதற்குள் யார் யாரோ ராத்திரி கண்விழித்து எழுதி இலவசமாகக் கொடுத்த எமுலேட்டர்கள். அப்புறம் மெமரி கார்டு நிறைய அடுத்தவன் கேம்கள். விற்கிறவன் சொந்தமாகச் செய்தது என்று பார்த்தால் அந்த அட்டைப்பெட்டி மட்டும்தான். அதிலும் மரியோ படம் போட்டிருக்கும்.

இப்போது விடுதி அறைக்கு வரலாம். ஒருவன் பழைய லேப்டாப்பில் உபுண்டு போட்டு எமுலேட்டர் அமைத்துக்கொண்டிருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நின்று எட்டிப் பார்க்கும் நண்பன் முதலில் கேட்பது: "டேய் மச்சான், எமுலேட்டர்லாம் திருட்டுடா, நிண்டெண்டோக்காரன் கேஸ் போட்டுட்டு இருக்கான் தெரியுமா?" ரெண்டாவது: "அதுவும் லினக்ஸ்லயா? கமாண்ட் அடிச்சே வயசாயிடும்டா." மூன்றாவது: "பேசாம ஒரு ஸ்டிக் வாங்கிட்டுப் போடா, தலைவலி மிச்சம்."

மூன்றையும் ஒரே வாய்தான் சொல்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். எமுலேட்டர் எழுதியவன் திருடன், அதைச் சுட்டுக் குச்சியில் ஏற்றி விற்றவன் உத்தமன்! இந்த நியாயம் எந்த ஊரில் விளைகிறது என்று தெரியவில்லை.

முதலில் எமுலேட்டர் என்றால் என்ன என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அது கேம் அல்ல. ஒரு பழைய மெஷின் எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பார்த்துப் பார்த்து எழுதிய நிரல். 1983-ல் ஜப்பானில் வந்த நிண்டெண்டோவின் ஃபேமிலி கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்ளலாம். 1985-ல் அமெரிக்காவுக்கு என்இஎஸ் என்ற பெயரில் போனதும் அதேதான். அதன் மூளையின் வேகம் 1.79 மெகாஹெர்ட்ஸ். வேலை செய்ய நினைவகம் 2 கிலோபைட். படம் வரைய ஒரு தனி சிப். மூளை ஒரு அடி எடுத்து வைக்கும்போது அந்தப் படச் சிப் மூன்று புள்ளி நகர்ந்திருக்கும். சில கேம்கள் இந்த மூன்றுக்கு ஒன்று கணக்கைக் குறிபார்த்து நடுத்திரையில் தந்திரம் செய்யும். எமுலேட்டர் எழுதுகிறவர் இந்தக் கணக்கைப் பிசகாமல் கணினிக்குள் திரும்ப ஓட்டிக் காட்ட வேண்டும். பிசகினால் திரை கிழிந்து தெரியும், இல்லாவிட்டால் கேம் அப்படியே நின்றுவிடும். 1.79 மெகாஹெர்ட்ஸை நடித்துக் காட்ட ஆயிரக்கணக்கான மெகாஹெர்ட்ஸ் கணினி ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். ஒருவரைப் போலவே நடிப்பது அவராக இருப்பதைவிட எப்போதும் அதிக வேலை.

ஆக, இது படித்துப் புரிந்து எழுதும் வேலை. நகல் எடுக்கும் வேலை அல்ல. இதைச் சொல்வது எமுலேட்டர் ரசிகர்கள் மட்டும் அல்ல, நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. 1999-ல் கனெக்டிக்ஸ் என்ற நிறுவனம் மேக் கணினியில் பிளேஸ்டேஷன் கேம் ஓட்டும் ஒரு எமுலேட்டரைக் காசுக்கே விற்றது. இலவசம் கூட இல்லை, கவனிக்க. பிளேஸ்டேஷன் அப்போது கடையில் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்த மெஷின். சோனி வழக்குப் போட்டது. 2000-ல் அமெரிக்காவின் ஒன்பதாவது சரக மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கம் தீர்ப்பு சொன்னது. உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வதற்காக சோனியின் பயாஸை நகலெடுத்து ஆராய்ந்தது நியாயமான பயன்பாடுதான், விற்ற பொருளில் சோனியின் நிரல் இல்லை என்பது சாரம். சோனி என்ன செய்தது? 2001-ல் அந்த எமுலேட்டரையே விலைக்கு வாங்கி இழுத்து மூடியது. பிளீம் என்று இன்னொரு எமுலேட்டர். அதன் மேலும் வழக்கு, அதிலும் மேல்முறையீட்டில் சோனிக்குத் தோல்வி. ஆனால் வக்கீல் செலவு பிளீமைத் தின்றுவிட்டது, 2001-லேயே கடையைக் கட்டினார்கள். ஜெயித்தவன் செத்தான், தோற்றவன் பிழைத்தான். இதைத்தான் இன்றைக்கும் பலர் "எமுலேட்டர்லாம் கோர்ட்ல தடை பண்ணிட்டாங்க" என்று சொல்லித் திரிகிறார்கள்.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது? பி.காமில் வணிகச் சட்டம் படிக்கிறவர்கள் ஒப்பந்தச் சட்டத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். 1957-ம் வருடத்துக் காப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். எது மீறல் ஆகாது என்ற பட்டியல் அங்கே இருக்கிறது. முறைப்படி கையில் வைத்திருக்கும் கணினி நிரலை, தொலைந்தாலோ கெட்டுப்போனாலோ பாதுகாப்பாக இருக்க நகலெடுக்கலாம். நிரல் எப்படி வேலை செய்கிறது என்று கவனித்து, ஆராய்ந்து, சோதித்துப் பார்க்கலாம். சொந்தமாக முறைப்படி வாங்கிய பிரதியிலிருந்து வியாபார நோக்கமில்லாத சொந்த உபயோகத்துக்கு நகல் எடுக்கலாம். பூட்டு போட்ட சரக்கின் பூட்டை உடைப்பது பற்றி 2012-ல் தனியாக 65ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள், அது வேறு கதை. பழைய கேசட் கேம்களில் அந்த மாதிரி பூட்டுகள் அபூர்வம்.

"முறைப்படி வாங்கிய பிரதி" என்ற இடத்தில்தான் தமிழ்நாட்டுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. தொண்ணூறுகளில் இங்கே வீடு வீடாகப் பிள்ளைகள் காண்ட்ராவும் மரியோவும் ஆடியதில் பெரும்பங்கு நிண்டெண்டோ மெஷினில் அல்ல. ஃபேமிலி கம்ப்யூட்டரைப் பார்த்து அடித்த நகல் மெஷின்கள். மஞ்சள் கேசட், நீலக் கேசட், "9999 இன் 1". பர்மா பஜாரிலிருந்து வந்தது, சித்தப்பா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது, ஜங்ஷன் கடையில் வாங்கியது... எல்லாமே திருட்டுச் சரக்கு. கேசட் வேலை செய்யவில்லை என்றால் வாயால் ஊதிச் சொருகிய தலைமுறை அது. நிண்டெண்டோவுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காமல் வளர்ந்தவர்கள் இன்று "அண்ணன் அந்தக் காலத்துல காசு கொடுத்து வாங்கினேன், ரோம் இறக்க எனக்கு உரிமை இருக்கு" என்று பேசினால் அது செல்லாது. கொடுத்த காசு கொடுத்ததுதான், போன முகவரி தப்பு. எமுலேட்டருக்காகச் சண்டை போடுகிறவர்கள் இதை ஒப்புக்கொண்டுவிட்டு மேலே பேசுவது நல்லது.

சரி, லினக்ஸ் கஷ்டம் என்ற ஜல்லிக்கு வரலாம்.

உபுண்டுவில் ரெட்ரோஆர்ச்சை நிறுவ டெர்மினலில் ஒரு வரி போதும். டெர்மினலே பிடிக்காதவர்கள் மென்பொருள் கடையைத் திறந்து பெயரைத் தேடிப் பொத்தானை அழுத்தலாம். இதில் கஷ்டம் என்று ஒன்றும் இல்லை. சிக்குகிற இடங்கள் வேறே இருக்கின்றன, அவற்றை யாரும் சொல்லித் தருவதில்லை. வீடியோக்காரர்கள் எல்லாம் "இங்க க்ளிக் பண்ணுங்க, அங்க க்ளிக் பண்ணுங்க" என்று ஓடிவிடுகிறார்கள். மாட்டிக்கொண்டவன் லினக்ஸைத் திட்டிவிட்டு விண்டோஸுக்குத் திரும்புகிறான்.

முதல் சிக்கல்: ரெட்ரோஆர்ச் என்பது ஒரு கூடு மட்டும்தான். எமுலேட்டர்கள் 'கோர்' என்ற பெயரில் தனித்தனியாக வந்து அதில் உட்காரும். என்இஎஸ்ஸுக்கு ஒரு கோர், மெகாடிரைவுக்கு ஒன்று, பிளேஸ்டேஷனுக்கு மூன்று நான்கு. விண்டோஸில் உள்ளே ஒரு "கோர் டவுன்லோடர்" இருக்கும். டெபியன், உபுண்டு களஞ்சியத்திலிருந்து நிறுவினால் அந்த மெனுவே இருக்காது! தேடித் தேடிக் கண் வலிக்கும். கெட்டுப்போனது அல்ல, வேண்டுமென்றே மறைத்திருக்கிறார்கள். களஞ்சியத்து மென்பொருள் எல்லாம் களஞ்சியம் வழியாகவே வர வேண்டும் என்பது டெபியன் வீட்டு ஒழுங்கு. லிப்ரெட்ரோ என்று தொடங்கும் பெயரில் கோர்கள் அங்கேயே தனித்தனிப் பொதிகளாகக் கிடைக்கும், நிறுவிக்கொள்ளலாம். எல்லாக் கோரும் அங்கே இருக்காது. எல்லாம் வேண்டும் என்றால் ஃபிளாட்பேக் பதிப்பைப் போட்டுக்கொள்ளலாம், அதில் டவுன்லோடர் இருக்கும். ஆனால் அதன் கோப்புறைகள் வழக்கமான இடத்தில் இருக்காமல் வீட்டுக் கோப்புறைக்குள் புள்ளி வைத்து மறைந்திருக்கும் 'வார்' என்ற கோப்புறைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இது தெரியாமல் பயாஸைத் தப்பான இடத்தில் போட்டுவிட்டு ராத்திரி ரெண்டு மணி வரை முழித்தவர்கள் ஏராளம்.

ரெண்டாவது சிக்கல் அந்தப் பயாஸேதான். பிளேஸ்டேஷன் கோர்கள் சில பயாஸ் கோப்பைக் கேட்கும். விண்டோஸுக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து எல்லாம் ஒன்று. லினக்ஸுக்கு வேறு வேறு. எஸ்சிபிஎச்5501 என்பது பெரிய எழுத்தில் இருந்து, கோர் சின்ன எழுத்தில் தேடினால், "கோப்பு இல்லை" என்று கையை விரித்துவிடும். கண்ணெதிரே இருக்கும், இல்லை என்று சொல்லும்! பெயரை மாற்றினால் முடிந்தது விஷயம். இதற்காகவே இயங்குதளத்தை அழித்து மறுபடி நிறுவுகிற ஆட்கள் உண்டு, என்ன செய்ய.

கண்ட்ரோலர் பற்றி ஒரு சுவாரசியம். எக்ஸ்பாக்ஸ் 360 கண்ட்ரோலரைச் சொருகினால் லினக்ஸ் கர்னல் தானாக அடையாளம் கண்டுகொள்ளும், டிரைவர் எதுவும் தேட வேண்டாம். பிளேஸ்டேஷன் 5 கண்ட்ரோலருக்கான டிரைவர் 2021-ல் கர்னல் 5.12-ல் சேர்ந்தது. அதை எழுதிக் கொடுத்தது சோனியே. நிண்டெண்டோ ஸ்விட்ச் கண்ட்ரோலருக்கான டிரைவர் 2022 ஜனவரியில் கர்னல் 5.16-ல் வந்தது. அதை எழுதியது நிண்டெண்டோ இல்லை, வெளியாட்கள். இப்படி எழுதித் தருகிறவர்களைப் பற்றித்தான் "திருட்டுக் கூட்டம்" என்ற பேச்சு.

மூன்றாவது, உள்ளதிலேயே முக்கியமானது. கேமைச் சொந்தத் தட்டிலிருந்து எடுப்பது. இதைச் செய்ய லினக்ஸைவிட வசதியான இடம் இல்லை. ஒரிஜினல் பிளேஸ்டேஷன் சிடி ஒன்று பரணில் கிடக்கிறது என்றால், அதைப் படிக்க ஒரு சாதாரண சிடி டிரைவ் போதும். பலரும் செய்கிற தப்பு, அதை ஐஎஸ்ஓ கோப்பாக எடுப்பது. ஐஎஸ்ஓவில் ஒரு செக்டாருக்கு 2048 பைட்தான் வரும். சிடியில் உண்மையில் இருப்பது 2352 பைட். அந்த மிச்சத்தில் சில கேம்களின் வீடியோவும் ஒலியும் இருக்கும். பாட்டு தனி டிராக்காக இருந்தால் அது மொத்தமாகவே விடுபட்டுவிடும், கேம் ஊமையாக ஓடும். சிடிஆர்டிஏஓ என்ற பழைய லினக்ஸ் கருவி பச்சையாக, விடாமல், அப்படியே படிக்கும். பின் என்று ஒரு கோப்பு, டிராக் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் குறிப்புக் கோப்பு ஒன்று. பிறகு மேமுடன் வரும் சிஎச்டிமேன் என்ற கருவியால் இரண்டையும் சுருக்கி ஒரே கோப்பாக்கிக்கொள்ளலாம். ஒரு பைட்கூட இழப்பில்லை. எடுத்தது சரிதானா என்று தெரிய வேண்டுமா? ரீடம்ப் என்ற திட்டத்தில் உலகெங்கும் இருந்து ஆட்கள் தங்கள் தட்டுகளின் சரிபார்ப்பு எண்களைப் பதிந்து வைத்திருக்கிறார்கள். சுருக்குவதற்கு முன்பு எண்ணை ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். கேசட்டுகளுக்கு ஆர்டுயினோ பலகையை வைத்துச் செய்யும் திறமூலக் கார்ட் ரீடர்கள் இருக்கின்றன, நோ-இண்ட்ரோ என்ற பட்டியல் இருக்கிறது.

இந்த வேலை செய்கிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. சிடியில் பூச்சு உரிகிறது, ஓட்டை விழுகிறது. கேசட்டுக்குள் சேமித்த ஆட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் பொத்தான் பேட்டரி பத்து இருபது வருடத்தில் செத்துவிடுகிறது. அதற்குள் யாராவது எடுத்துவைத்தால் உண்டு. கேமின் உரிமையாளர்கள் எடுத்துவைத்திருப்பார்களே என்று நினைத்தால், இப்போது வருகிறது கணக்கு.

2023 ஜூலையில் அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2010-க்கு முன் அமெரிக்காவில் வந்த கேம்களில் எத்தனை இப்போது காசு கொடுத்து வாங்கக் கிடைக்கிறது என்று பார்த்தார்கள். 13 சதவீதம். மீதி 87 சதவீதத்தை எந்தக் கடையிலும் காசு கொடுத்துப் புதிதாக வாங்க வழி இல்லை.

காமர்ஸ் படித்த யாரும் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நட்டம் என்று எழுத எதிரே ஒரு விற்பனை வேண்டும், அல்லது விற்பனை நடந்திருக்கும் என்று சொல்ல ஏதாவது ஆதாரம் வேண்டும். கடையில் சரக்கே வைக்காதவன், விலை அட்டையே எழுதாதவன், "இவன் வாங்காமல் போனதால் எனக்கு இவ்வளவு நட்டம்" என்று பேரேட்டில் எழுதினால் ஆடிட்டர் கையெழுத்துப் போடுவாரா? பத்தாம் வகுப்புப் பையன்கூடச் சிரிப்பான். ஆனால் நூற்றுக்கு எண்பத்தேழு கேம்களுக்கு இந்தக் கணக்கைத்தான் எழுதிக் காட்டுகிறார்கள்.

"இன்று விற்காவிட்டாலும் நாளை விற்கலாமே, அது அவர்கள் சொத்து" என்பது எதிர்க்கட்சி வாதம். இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பழைய கேமைத் தூசி தட்டி மறுபடி விற்கிறார்கள்தான். ஆனால் எவ்வளவு நாள் காத்திருப்பது? அமெரிக்கச் சட்டப்படி ஒரு நிறுவனத்துக்காகச் செய்த படைப்புக்குக் காப்புரிமை வெளியீட்டிலிருந்து 95 ஆண்டுகள். 1985-ல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் பொதுச் சொத்தாவது 2081 ஜனவரி 1 அன்று. மரியோவுக்குக் கவலையில்லை, அதைத் திரும்பத் திரும்ப விற்பார்கள். அதே வருடம் வந்து, நிறுவனமே திவாலாகி, உரிமை யாரிடம் என்றே தெரியாமல் போன கேமுக்கும் அதே 2081தான். அதற்குள் தட்டும் இருக்காது, டேப்பும் இருக்காது, ஆடியவர்களும் இருக்கமாட்டார்கள்.

மறுபடி விற்றதை வாங்கியவர்கள் கதை என்ன? நிண்டெண்டோவின் வீ மெஷினில் பழைய கேம்களைக் காசு கொடுத்து இறக்கினார்கள். 2019 ஜனவரியில் அந்தக் கடை மூடப்பட்டது. 3டிஎஸ், வீ யூ மெஷின்களின் கடைகளில் 2023 மார்ச்சோடு விற்பனை நின்றது. அதே பழைய கேம்கள் ஸ்விட்ச்சில் மாதச் சந்தா, வருடச் சந்தாவில் வந்தன. அதாவது 1985-ல் கேசட்டாக விற்றதை, 2006-க்குப் பிறகு கோப்பாக விற்று, 2018-லிருந்து வாடகைக்கு விடுகிறார்கள். சந்தா நின்றால் கேம் நின்றது. நூலகங்களாவது வைத்துக்கொள்ளட்டும், ஆராய்ச்சி செய்கிறவர்கள் தூரத்திலிருந்து பார்க்கட்டும் என்று அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்திடம் விலக்கு கேட்டார்கள். கேம் நிறுவனங்களின் சங்கம் எதிர்த்தது. 2024 அக்டோபரில் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. பொழுதுபோக்குக்கு ஆடிவிடுவார்களாம்! நூலகத்தில் நாவலை யாரும் பொழுதுபோக்குக்குப் படிப்பதில்லை போலும்.

இதையெல்லாம்விட ருசியான சங்கதி ஒன்று உண்டு. 2016 நவம்பரில் நிண்டெண்டோ ஒரு குட்டிப் பெட்டி விற்றது, என்இஎஸ் கிளாசிக். 30 கேம், அமெரிக்காவில் சுமார் 60 டாலர். கடைக்கு வந்த வேகத்தில் தீர்ந்து, வெளியே பல மடங்கு விலைக்குப் போனது. 2017 ஏப்ரலில் உற்பத்தியை நிறுத்தி, ஜனம் கத்தியதும் 2018-ல் மறுபடி கொண்டுவந்தார்கள். அந்தப் பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் பழைய என்இஎஸ் சிப் எதுவும் கிடையாது. மலிவு டேப்லட்டுகளில் போடுகிற ஆல்வின்னர் சிப். அதன்மேல் லினக்ஸ். லினக்ஸின்மேல் நிண்டெண்டோவின் பாரிஸ் பிரிவு எழுதிய எமுலேட்டர். ஆமாம், லினக்ஸில் எமுலேட்டர்! விடுதி அறையில் அந்தப் பையன் செய்துகொண்டிருந்த அதே வேலை. எமுலேட்டர் என்பது கேம் தொழிலுக்கே ஆபத்து என்று வருடக்கணக்காகத் தன் தளத்தில் எழுதி வைத்திருந்த நிறுவனம் விற்றது இது.

சோனி இன்னும் ஒரு படி மேலே போனது. 2018 டிசம்பரில் வந்த பிளேஸ்டேஷன் கிளாசிக், 20 கேம், 100 டாலர். அதில் எமுலேட்டரைச் சொந்தமாக எழுதக்கூட மெனக்கெடவில்லை. பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்டு என்ற திறமூல எமுலேட்டரையே எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். உரிமத்தை மதித்துப் பெயரும் போட்டார்கள், அதில் தப்பில்லை. ஆனால் 1999-ல் எந்த வேலைக்காகக் கோர்ட்டுக்கு இழுத்தார்களோ, அந்த வேலையை ஊரார் இலவசமாகச் செய்து வைத்திருந்ததால்தான் 2018-ல் சரக்கு விற்க முடிந்தது. அதிலும் சில கேம்களுக்கு ஐரோப்பாவின் 50 ஹெர்ட்ஸ் பதிப்பைப் போட்டு, வேகம் குறைந்து, வாங்கியவர்களிடம் திட்டு வாங்கினார்கள். லினக்ஸில் சும்மா ஓட்டுகிறவனுக்கு 60 ஹெர்ட்ஸ் பதிப்பு, 100 டாலர் கொடுத்தவனுக்கு 50. என்ன கணக்கோ!

இவ்வளவு சொன்னபிறகு யூஸூ பற்றிப் பேசாமல் விட்டால் அது நேர்மை ஆகாது. ஸ்விட்ச் எமுலேட்டரான யூஸூ மேல் 2024 பிப்ரவரியில் நிண்டெண்டோ வழக்குப் போட்டது. மார்ச்சில் 24 லட்சம் டாலர் கொடுக்கச் சம்மதித்து யூஸூ மூடப்பட்டது. எமுலேட்டர் ஆதரவாளர்கள் பலர் இதற்கும் "பண்பாட்டுப் பாதுகாப்பு" என்று கொடி பிடித்தார்கள். அது சரியில்லை. ஸ்விட்ச் அப்போது கடையில் விற்றுக்கொண்டிருந்த மெஷின். 2023 மே மாதம் வர வேண்டிய செல்டா கேம் வெளியாவதற்கு முன்பே கசிந்து, பத்து லட்சம் தடவைக்கு மேல் இறக்கப்பட்டது என்பது நிண்டெண்டோவின் புகார். அங்கே சரக்கு இருக்கிறது, விலை இருக்கிறது, வாங்க ஆள் இருக்கிறது. பேரேட்டில் நட்டம் எழுத இடம் இருக்கிறது. கனெக்டிக்ஸ் தீர்ப்பில் மெஷின் விற்பனையில் இருந்தது தடையாகவில்லை என்பது உண்மைதான், ஆனால் யூஸூ வழக்கின் மையம் பூட்டுடைப்பு. அதையும் முப்பது வருடத்துக் கேசட்டையும் ஒரே தராசில் வைத்தால் கேசட்டின் நியாயம்தான் குறையும்.

எரிச்சல் வேறு இடத்தில். யூஸூவோடு சிட்ரா என்ற எமுலேட்டரும் சேர்ந்து மூடப்பட்டது, இரண்டுக்கும் ஆட்கள் பொது என்பதால். சிட்ரா 3டிஎஸ் எமுலேட்டர். 3டிஎஸ் கடையை நிண்டெண்டோவே ஒரு வருடத்துக்கு முன்பு மூடிவிட்டிருந்தது! விற்கிற மெஷினுக்காகப் போட்ட வலையில் விற்காத மெஷினும் மாட்டிக்கொண்டது. சிட்ராவின் நிரல் திறமூலமாக இருந்ததால் வேறு ஆட்கள் எடுத்துத் தொடர முடிந்தது. மூடிய நிரலாக இருந்திருந்தால் அதோடு கதை முடிந்திருக்கும்.

இப்போது குச்சிக்காரனிடம் திரும்பலாம். ஸ்னெஸ்9எக்ஸ் என்ற எமுலேட்டரின் உரிமத்தில் வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதியிருக்கிறது. ஜெனிசிஸ் பிளஸ் ஜிஎக்ஸ்ஸும் அப்படியே. ரெட்ரோஆர்ச் ஜிபிஎல் உரிமத்தில் இருக்கிறது, அதாவது விற்கலாம், ஆனால் மூலநிரலைக் கேட்டால் கொடுக்க வேண்டும். லினக்ஸ் கர்னலும் அதேபோல. என்இஎஸ் கிளாசிக்கின் லினக்ஸ் மூலநிரலை நிண்டெண்டோகூடத் தன் தளத்தில் போட்டு வைத்தது. குச்சி விற்கிறவனிடம் மூலநிரல் கேட்டுப் பாருங்கள். "சார், சார்ஜர் தனியா வாங்கணும்" என்று பதில் வரும்.

ஆக, அந்தக் குச்சியில் இரண்டு திருட்டு. கேம் எழுதியவனிடம் ஒன்று, எமுலேட்டர் எழுதியவனிடம் ஒன்று. அதை வாங்கி வந்து வைத்துக்கொண்டு, டெர்மினலில் சிடிஆர்டிஏஓ அடித்துச் சொந்தத் தட்டைப் படித்துக்கொண்டிருப்பவனைப் பார்த்துத் திருட்டு பற்றி வகுப்பு எடுக்கிறார்கள்.

2011-லிருந்து தமிழக அரசு பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுத்தது. ஆரம்பத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. பாஸ் என்பது சி-டாக் டெபியனை வைத்துச் செய்தது. எத்தனை பேர் அதை ஒரு தடவையாவது திறந்து பார்த்தார்கள் என்பது தனிக் கதை. அந்த லேப்டாப்புகள் இப்போது அண்ணன், அக்கா வீட்டுப் பரணில் பேட்டரி செத்துக் கிடக்கின்றன. புது விண்டோஸ் அதில் மூச்சு வாங்கும். எடை குறைந்த டெபியன் ஒன்றைப் போட்டால் எழுந்து உட்காரும். என்இஎஸ், மெகாடிரைவ் எல்லாம் அதற்குத் தூசு. பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்டு போட்டால் பிளேஸ்டேஷன்கூட ஓடிவிடும். பேட்டரியைக் கழற்றிவிட்டு நேரடியாகச் சார்ஜரில் ஓட்டலாம். ஒரு எச்டிஎம்ஐ கேபிள், ஒரு பழைய கண்ட்ரோலர். குச்சி வாங்கும் காசு அப்படியே மிச்சம்.

பி.கு: பயாஸ் எங்கே இறக்குவது என்று கேட்கப்போகிறவர்களுக்கு: பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்டு பயாஸ் இல்லாமலும் ஓடும், பயாஸ் செய்கிற வேலையைத் தானே நடித்துச் சமாளித்துக்கொள்ளும். சில கேம்கள் மக்கர் பண்ணும், மெமரி கார்டு திரை வராது, சோனி லோகோவும் அந்த ஆரம்ப ஓசையும் வராது. அது வேண்டும் என்பவர்கள் பழைய பிளேஸ்டேஷன் ஒன்றைத் தேடி வாங்கி அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். எடுத்தபின் பெயர் சின்ன எழுத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளவும்.